நூற்றுக்கு நாற்பத்தெட்டு

செங்கோடன் போன மாசியில் காலமானார். சேலத்தில் வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தவர். சாகும்போது வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். அவருக்கே சரியாகத் தெரியாது. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை, வருமென்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவரைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டுமென்றால் அது நானாக இருப்பதே நியாயம், ஏனென்றால் அவருக்கு வந்த கேட்டில் பாதி என் கைங்கரியம். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவரை நான் அவன், இவன் என்றுதான் பேசினேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன். இது பெரிய பிராயச்சித்தம் ஒன்றுமில்லை, எனக்கே தெரியும்.

என் பெயர் சண்முகவேல். சேலத்தில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். முன்கோபி. நான் சொன்னதை மறுத்துப் பேசினால் காது சிவந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கதைக்கு வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

செங்கோடன் பிறந்தது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். வானம் பார்த்த பூமி, சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மீசை முளைத்த வயதில் சேலத்துக்கு வடக்கே உள்ள கரட்டுக் குன்றுகளுக்குக் கூலிக்கு வந்தார். அந்தக் கரடுகளில் தோண்டத் தோண்ட வெள்ளைவெளேரென்று கல் வரும். அதை உடைத்துச் சூளையில் சுட்டு, மாவாக்கி, மூட்டை கட்டி ரயிலேற்றுவார்கள். தளம் போடுவதற்கும், இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்வதற்கும் கப்பலேறிப் போகும் சரக்கு அது. செங்கோடன் முதலில் கல் சுமந்தார், பிறகு கல் அடுக்கினார், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெரிய கம்பெனியில் சூளையையே பார்த்துக்கொள்ளும் ஆளாகிவிட்டார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சூளை எரிந்து முடிந்ததும் நடுவிலிருந்து ஒரு கல்லை இழுத்து உடைத்துப் பார்ப்பார். வெளியே இருக்கிற நிறமும் உள்ளே இருக்கிற நிறமும் ஒன்றாக இருந்தால்தான் சூளையைப் பிரிப்பார். உள்ளே வேகாமல் கொஞ்சம் வேறாகத் தெரிந்தால் இன்னும் அரை நாள் தீ. யார் வந்து கத்தினாலும் சரி, "உள்ள பச்சையா நிக்குதுங்க" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் பேச மாட்டார். சின்னாயியைக் கல்யாணம் செய்துகொண்டு கரட்டடியிலேயே குடிசை போட்டார். ரொம்ப நாள் கழித்து ஒரே பெண் பிறந்தது. அத்தாயி என்று பெயர் வைத்தார்கள்.

1935இல் வெங்கடாசலம் என்று ஒரு முதலாளி கரட்டில் ஒரு மூலையைக் குத்தகைக்கு எடுத்தார். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புச் சூளை வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். சுண்ணாம்பு சுட்டவனுக்கு இந்தக் கல் எந்த மூலைக்கு என்று நினைத்துவிட்டார். செங்கோடனைக் கம்பெனியிலிருந்து ஆசை காட்டி அழைத்துவந்து சூளைக்கு அமர்த்தினார். முதல் மூன்று சூளையும் நன்றாகவே வெந்தன. ஆனால் எடை போட்டுப் பார்த்த முதலாளிக்குப் பகீரென்றது. நூறு மணங்கு சுடாத பச்சைக் கல் உள்ளே போனால் நாற்பத்தெட்டு மணங்குதான் வெளியே வந்தது. சுண்ணாம்புச் சூளையில் ஐம்பத்தாறு நிற்கும், அது அவர் இருபது வருஷமாகக் கண்ணால் பார்த்தது. அப்படியானால் மிச்சம் எட்டு மணங்கு எங்கே?

செங்கோடன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இது சுண்ணாம்புக் கல் இல்லை, வேறு கல், ரெண்டு சுமை போட்டால் ஒரு சுமைகூட முழுசாக நிற்காது, கம்பெனியிலும் இப்படித்தான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றார். கம்பெனிக்காரனிடம் போய்க் கேட்க வெங்கடாசலத்துக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தொழில் போட்டி வேறு. சுட்ட கல்லைக் கூடை கூடையாக வெளியே கடத்துகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

அப்போது செங்கோடன் தானாகவே ஒரு வார்த்தை சொன்னார். அறுபதாம் படியில் சத்தியம் பண்ணுகிறேன் என்றார்.

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். நிலத் தகராறு, பாகப் பிரிவினை, திருட்டுப் பழி எதுவானாலும் அறுபதாம் படியில் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அதோடு தீர்ந்தது. அங்கே பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் சீமை முழுக்க இருக்கிற நம்பிக்கை. அதனால் துணிந்த திருடனும் அந்தப் படியில் நிற்கக் கூசுவான். செங்கோடன் ஒரு செவ்வாய்க்கிழமை குளித்து, ஈரத் துணியோடு அங்கே நின்று, என் கையும் எடுக்கவில்லை, எனக்குக் கீழே வேலை செய்கிற ஒரு கையும் எடுக்கவில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சூளையில் வேலை செய்த இருபது பேரும் பார்த்தார்கள்.

வெங்கடாசலத்துக்கு மனசு ஆடிவிட்டது. அங்கே நின்று சொன்னவனை நம்பாமல் எப்படி இருப்பது? ஆனால் எட்டு மணங்கும் கண்ணை உறுத்தியது. கடைசியில் படித்தவன் ஒருவனைக் கேட்டுவிடலாம் என்று என்னைத் தேடிவந்தார். என் போதாத காலம், அவருடைய மைத்துனர் எனக்குச் சிநேகிதர்.

பள்ளிக்கூடம் விட்டு நான் கிளம்புகிற நேரம். நூறு எடை கல்லைச் சுட்டால் எத்தனை நிற்கும் என்று கேட்டார். எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. சங்ககிரிச் சுண்ணாம்பு முதலாளி கேட்கிறார், வேறு என்ன கல்லாக இருக்கும்! ஐந்தாம் பாரத்துப் பையன்களுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிற முதல் கணக்கு அது. "ஐம்பத்தாறு" என்றேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒருத்தன் நாற்பத்தெட்டு என்று சாதிக்கிறானே என்றார். "அப்போ அவன் திருடன். கணக்கு பொய் சொல்லாது" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன். கேட்டதற்கு மேலே போய், பள்ளிக்கூடக் காகிதத்தில் சமன்பாட்டை எழுதி, நூறு, ஐம்பத்தாறு, நாற்பத்துநாலு என்று அடியில் கோடு கிழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் காகிதத்தைச் சூளையடியில் எல்லோரையும் கூட்டி வைத்துப் படித்தார்கள்.

மறுநாள் செங்கோடன் என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். துண்டில் ஒரு பச்சைக் கல்லை முடிந்து வைத்திருந்தார். நான் வெளியே வந்ததும் அதை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பாருங்க சாமி. உங்ககிட்ட நெருப்பு இருக்குது, தராசு இருக்குது. ஒரே ஒருக்கா சுட்டு நிறுத்துப் பாருங்க. அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்."

நான் கல்லைத் தொடக்கூட இல்லை. ஒரு சூளைக்கூலி எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிறானா என்று காது சிவந்தது. கல்லைப் பார்க்க வேண்டியதில்லை, கணக்கே போதும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். திரும்பிப் பார்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. பார்த்திருக்க மாட்டேன், என் குணம் எனக்குத் தெரியாதா.

செங்கோடனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது போகட்டும், வேறு சூளை கிடைக்கும். ஆனால் அறுபதாம் படியில் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பெயர் வந்துவிட்டது. எடை எவ்வளவு நிற்கும் என்று தெரிந்த கம்பெனி மேஸ்திரிகள்கூட ஊர் வாய்க்குப் பயந்து அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் மொள்ளப் போனால் சின்னாயிக்குக் கிணற்றடியில் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்களாம். கரட்டடியைக் காலி செய்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போனார்கள்.

அவர் இடத்துக்குக் கந்தப்பன் என்று ஒருவன் வந்தான். அவன் போட்ட முதல் சூளையிலேயே எடை சரியாக ஐம்பத்தாறு நின்றது. அடுத்ததிலும் ஐம்பத்தாறு. போதாதா? செங்கோடன் திருடன் என்பது நெற்றியில் எழுதி ஒட்டினது மாதிரி ஆகிவிட்டது. வெங்கடாசலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து என் கணக்கைப் புகழ்ந்துவிட்டுப் போனார். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பழத்தையும் தின்றேன்.

அந்த மார்கழியில் மல்லசமுத்திரம் பக்கம் விஷக்காய்ச்சல் பரவியது. அத்தாயிக்கு அப்போது ஐந்து வயது. நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரில் யாரும் காய்ச்சலைச் சொல்லவில்லை. படியில் நின்று பொய் சொன்னான், பலித்துவிட்டது என்றார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்தச் சமயத்தில் நான் அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் பங்குனியில் வெங்கடாசலம் தலைதெறிக்க ஓடிவந்தார். ரயிலேற்றிய சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டதாம். சரியாக வேகாத கல் என்று வாங்கினவர்கள் எழுதிவிட்டார்களாம். சரக்கு நல்லது என்று நான் சோதித்து எழுதித் தர வேண்டும் என்றார். ஒரு பச்சைக் கல்லும் ஒரு சுட்ட கல்லும் மேஜையில் வைத்தார். அன்றுதான், ஒரு வருஷம் கழித்து, அந்தக் கல்லை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.

பச்சைக் கல் மேல் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் உடனே புஸ்ஸென்று நுரைக்கும். இது சும்மா கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அசையவில்லை. பொடி செய்து, அமிலத்தைச் சூடாக்கி அதில் போட்டேன், அப்புறம்தான் நுரைத்தது. புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். இது கால்சியம் இல்லை, மக்னீசியம். புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த பக்கம். சேலத்துக் கரட்டில் கிடைப்பது என்னவென்று சேலத்தில் இருந்துகொண்டு மறந்துபோனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கணக்கு இவ்வளவுதான். கல் சூட்டில் பிரியும்போது, கல்லின் ஒரு மூலக்கூறிலிருந்து சுட்ட கல் ஒரு மூலக்கூறு வரும், கரியமிலவாயு ஒரு மூலக்கூறு வெளியே போகும். ஒன்றுக்கு ஒன்று. சுண்ணாம்புக் கல்லிலும் அப்படித்தான், வெள்ளைக்கல்லிலும் அப்படித்தான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் எடையும் ஒன்றாகிவிடுமா? சுண்ணாம்புக் கல்லின் மூலக்கூறு எடை நூறு. வெள்ளைக்கல்லுக்கு எண்பத்துநாலு. இரண்டிலிருந்தும் போகிற வாயு மட்டும் அதே நாற்பத்துநாலு. நூறில் அது போனால் ஐம்பத்தாறு மிச்சம். எண்பத்துநாலில் அது போனால் மிச்சம் நாற்பதுதான். அந்த நாற்பதை நூற்றுக்கு வைத்துப் பார்த்தால் நாற்பத்தெட்டுகூட முழுசாக வராது. பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்து நான் கேட்கிற கேள்வி இது. அவர்களில் ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பேன்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. கொல்லுப் பட்டறைக்குப் போய், மூசைக் கிண்ணத்தில் பச்சைக் கல் எட்டு கிராமும் நாலு தசமமும் நிறுத்துப் போட்டு உலையில் வைத்தேன். ஆறின பிறகு நிறுத்தேன். நாலு கிராமும் துளியும் நின்றது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதேதான். கந்தப்பனுடைய சுட்ட கல்லை உடைத்தால் உள்ளே நடுவில் பச்சை. அவனும் திருடன் இல்லை, பாவம். முதலாளிக்கு ஐம்பத்தாறு வேண்டும் என்று கேள்விப்பட்டு, எடை ஐம்பத்தாறுக்கு நிற்கும்படி நெருப்பை முன்னாலேயே அணைத்துவிட்டிருக்கிறான். காற்றாகப் போக வேண்டியதைக் கல்லுக்குள்ளேயே வைத்து மூட்டை கட்டினார்கள்.

வெங்கடாசலத்திடம் சொன்னேன். இரண்டு கல்லையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். பிறகு, செங்கோடனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம், பழசை எதற்குக் கிளற வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஆனால் அதில் பாதி என்னைத் திட்டிக்கொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மல்லசமுத்திரம் போனேன். செங்கோடன் ரோட்டோரம் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் பத்து வயசு கூடிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அது எனக்கு இன்னும் வலித்தது. எதிரே மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னது சரி, நாற்பத்தெட்டுதான், தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆரும் எடுக்கலீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. யாரும் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரியாதா என்றேன்.

"எங் கை எடுக்கலீன்னு தெரியுங்க. படிச்சவிய கணக்குப் போட்டு எழுதிட்டாங்க, அது பொய்யாகாது, கம்பெனியில நான் பாத்ததுதான் தப்போன்னு நானும் நம்பீட்டேன். எனக்குத் தெரியாம எம்பட ஆளுங்கள்ல ஆரோ எடுத்திருக்கோணும், அது தெரியாம ஒரு கையும் எடுக்கலீன்னு படியில நின்னு சொல்லிப்போட்டேன், அதுக்குத்தான் புள்ள போயிருச்சுன்னு இருந்தனுங்க."

ஐயோ, என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஊர் திருடன் என்றதை அவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் என் காகிதத்தை நம்பி, தன் சத்தியத்தைத் தானே பொய்யென்று எண்ணி, தன் குழந்தையைத் தானே கொன்றதாக நினைத்து மூன்று மாசமாக ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். சின்னாயியும் அப்படித்தான் நினைத்தாளாம். பிள்ளை போன நாளிலிருந்து புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டு வட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் படியில நின்னு சொன்னனுங்க. நீங்களும் அங்கயே வந்து சொல்லோணும்."

சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை சூளைக்காரர்கள் இருபது பேரையும் ஆள் விட்டு அழைத்துவரச் செய்தேன். வெங்கடாசலம் வரவில்லை. மலையேறுகிற ஜனங்கள் என்னவோ ஏதோ என்று நின்றுவிட்டார்கள். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, சூடம் கொளுத்தி, செங்கோடன் இங்கே செய்த சத்தியம் மெய், நான் எழுதிக் கொடுத்த கணக்கு பொய், கல்லைப் பார்க்காமல் எழுதினேன் என்று உரக்கச் சொல்லி அணைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் மானம் போனது தனிக் கதை. செங்கோடன் ஒரு ஓரமாக நின்று கேட்டார். வேலைக்காரர்களில் நாலைந்து பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் அழவில்லை. இதை வீட்டிலும் வந்து ஒருக்கா சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

வெயில் தாழ்வதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டோம். சின்னாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை யாரென்று செங்கோடன் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். எனக்குத் தெரிந்த தமிழில் எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்று அடைந்து கிடக்கிறது, சுட்டால் அது வெளியே போய்விடும், இந்தக் கல்லில் அது பாதிக்கும் மேலே, காணாமல் போன எட்டு மணங்கும் அந்தக் காற்றுத்தான், ஒருவரும் திருடவில்லை, உன் வீட்டுக்காரர் படியில் நின்று சொன்னது சத்தியமான வார்த்தை என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் அவள் விடவில்லை. பாடம் கேட்கிறவர்கள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கேட்டு முடித்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள். மூன்று மாசமாகப் பார்க்காத முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அவரு சொன்னது நெசந்தானுங்க. அப்ப எம்புள்ள எதுக்குங்க செத்துச்சு?"

நான் செங்கோடனைப் பார்த்தேன். அவரும் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்தான் அம்மணி" என்றேன்.

"காய்ச்ச எல்லாப் புள்ளைக்கும்தானுங்க வந்துச்சு" என்றாள்.